ஏரிக்கரைத் திராட்சையும் உழவர் சகோதர சங்கமும்

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அந்த மாநிலத்தின் மேற்குக் கோடி விவசாய பூமி. பஃபலோ நகரத்திலிருந்து ஈரி ஏரியை ஒட்டித் தென்மேற்காகச் சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் ஃப்ரெடோனியா என்ற சிற்றூர் வரும். ஷடாக்வா கவுண்டியைச் சேர்ந்த ஊர் இது. கவுண்டி என்பது ஏறக்குறைய ஒரு மாவட்டம். இந்த ஊரில் 1915-ம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு மன்றக் கூடம் இருக்கிறது. அதை நடத்தும் சங்கத்தின் பெயர் ஃப்ரெடோனியா கிரேஞ்ச், எண் 1. அமெரிக்க உழவர்கள் ஊர் அளவில் தொடங்கிய முதல் கிரேஞ்ச் இதுதான். ஆண்டு 1868.

கிரேஞ்ச் என்ற சொல்லுக்குத் தானியக் களஞ்சியத்தோடு கூடிய பண்ணை வீடு என்று பொருள். சங்கத்தின் முழுப்பெயர் ‘வேளாண்மைப் புரவலர்கள்’ என்ற பொருள் தரும். இது கட்சியல்ல, வெறும் கூட்டுறவுக் கடையும் அல்ல. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சகோதரரே’, ‘சகோதரியே’ என்று அழைக்கும் சகோதர சங்கம். 150 ஆண்டுகளைத் தாண்டியும் உயிரோடு இருக்கும் உழவர் அமைப்புகள் உலகில் அதிகம் இல்லை. உழவர் குழு தொடங்கிய பலருக்கும் உள்ள கேள்வி, ‘மூன்று வருடத்தில் ஏன் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்?’ என்பதுதான். அதற்கான பதிலில் கொஞ்சம் இந்த ஏரிக்கரையில் கிடைக்கிறது.

ஏரி காக்கும் தோட்டம்

ஃப்ரெடோனியாவுக்குப் போகும் வழியிலேயே இப்பகுதியின் பயிர் கண்ணில் படும். ஒரு பக்கம் நீலமாக ஏரி. மறுபக்கம் சில கிலோமீட்டர் தள்ளி நீளமாக ஓடும் மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே உள்ள பட்டையில் வரிசை வரிசையாகக் கம்பிப் பந்தலில் திராட்சை. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா வரை நீளும் இந்தப் பட்டையில் சுமார் 30,000 ஏக்கர் திராட்சைத் தோட்டம் உள்ளது. பெரும்பகுதி ‘காங்கார்டு’ என்ற ரகம். 1849-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காங்கார்டு என்ற ஊரில் எஃப்ரெய்ம் புல் என்பவர், விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் இது. கருநீல நிறம், கனமான தோல், உள்ளே விதை, தூக்கலான வாசனை. அழுத்தினால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சாறுக்கும் ஜாமுக்கும் ஏற்றது.

குளிர்காலத்தில் பனி குவியும் ஊரில் திராட்சை எப்படி விளைகிறது? காரணம் ஏரிதான். குளிர் முடிந்து வசந்தம் வரும்போது ஏரித் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும். அதன் மேலிருந்து வீசும் குளிர்காற்று, கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்ப்பதைத் தடுக்கிறது. துளிர் வந்தபிறகு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டு மகசூல் போய்விடும் என்பதால், இந்தத் தாமதம் பெரிய பாதுகாப்பு. இலையுதிர் காலத்தில் நிலைமை தலைகீழ். கோடை வெயிலில் சூடேறிய தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். அந்த வெதுவெதுப்பு உறைபனியைத் தள்ளிப்போட, காய்கள் பழுக்கக் கூடுதல் நாள்கள் கிடைக்கின்றன. சரிவான நிலம் என்பதால் குளிர்ந்த கனமான காற்று தோட்டத்தில் தேங்காமல் கீழே வடிந்துவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைக் கவாத்து செய்யும் நாளைக் கணக்கிட்டு ஆண்டில் ஒரு முறைக்கு மேல் அறுவடை செய்ய முடியும். காங்கார்டு விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொடி குளிர்காலம் முழுக்க உறங்கும். அந்த உறக்கத்தில்தான் கவாத்து. செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் ஒரே அறுவடை. வரிசையைக் கால்களுக்கு நடுவே விட்டு நகரும் உயரமான இயந்திரம், கொடியை உலுக்கிப் பழங்களை உதிர்த்துச் சேகரித்துவிடும். ஒரு மே மாத இரவின் உறைபனி, ஓர் ஆண்டின் வருமானம். இந்த அபாயம்தான் இவ்வூர் விவசாயிகளைச் சேர்ந்து நிற்கப் பழக்கியது என்றுகூடச் சொல்லலாம்.

அதற்கு ஒரு சான்று பக்கத்து ஊரான வெஸ்ட்ஃபீல்டு. திராட்சைச் சாறு விற்கும் வெல்ச் நிறுவனம் 1897-ல் இங்கே குடியேறியது. 1956-ல் அந்த நிறுவனத்தையே திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு வாங்கிவிட்டது. அதாவது, பழம் கொடுக்கும் விவசாயிகள்தான் சாறு நிறுவனத்தின் உரிமையாளர்கள்.

போர் முடிந்த மண்ணில் பிறந்த யோசனை

கிரேஞ்சைத் தொடங்கியவர் ஆலிவர் ஹட்சன் கெல்லி. 1826-ல் பாஸ்டன் நகரத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. மின்னசோட்டா மாநிலத்தின் எல்க் ரிவர் பகுதிக்குப் போய் நிலம் வாங்கி, புத்தகங்களைப் படித்தே விவசாயம் கற்றுக்கொண்டவர். பிறகு அமெரிக்க வேளாண்மைத் துறையில் எழுத்தர் வேலை கிடைத்தது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் உள்நாட்டுப் போரில் மோதின. போர் முடிந்ததும், தெற்கில் விவசாயம் எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்த்து அறிக்கை தர 1866-ல் கெல்லி அனுப்பப்பட்டார். வடக்கிலிருந்து வரும் அரசு ஆளைத் தெற்கில் யார் வரவேற்பார்கள்? ஆனால் கெல்லி, ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் உறுப்பினர். அந்த அடையாளத்தைக் கண்ட தென்னாட்டு மேசன்கள் அவருக்குக் கதவைத் திறந்தார்கள். நேற்றுவரை துப்பாக்கி ஏந்தியவர்கள் அவரை விருந்தாளியாக நடத்தினார்கள்.

ஒரு சங்கத்தின் சகோதர உணர்வு இவ்வளவு செய்யுமானால், உழவர்களுக்கென்று அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பயணத்தில்தான் கெல்லிக்கு உருவானது. அதன் விளைவாக 1867 டிசம்பர் 4 அன்று வாஷிங்டன் நகரத்தில் தேசிய கிரேஞ்ச் பிறந்தது. நிறுவனர்கள் 7 பேர். அவர்களில் ஒருவரான வில்லியம் சாண்டர்ஸ், வேளாண்மைத் துறையின் தோட்டங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த தோட்டக்கலை வல்லுநர். பிரேசிலிலிருந்து விதையில்லா ஆரஞ்சு ரகத்தின் கன்றுகளை 1870-ல் வரவழைத்து, மொட்டு ஒட்டு முறையில் பெருக்கி அமெரிக்காவுக்குக் கொடுத்தவரும் இவரே. 1873-ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்கு அவர் அனுப்பிய கன்றுகளில் ஒன்று, தாய்மரமாக இன்றும் அந்த ஊரில் பாதுகாக்கப்படுகிறது. விதையே இல்லாத பழம் ஒட்டு மூலம் ஒரு மாநிலத்தின் பெருந்தொழிலாக மாறிய கதை அது.

நிறுவனர் பட்டியலில் முதலில் இடம்பெறாத ஒருவரும் உண்டு. கெல்லியின் உறவுப் பெண் கரோலின் ஹால். ‘பெண்களை முழு உறுப்பினராக்காத சங்கம் நிலைக்காது’ என்பது அவர் நிலைப்பாடு. அதை கெல்லி ஏற்றுக்கொண்டார். ஒரு புதிய கிரேஞ்ச் தொடங்க ஆரம்பத்தில் வகுத்த விதி, குறைந்தது 9 ஆண்களும் 4 பெண்களும் வேண்டும் என்பது. பெண்களுக்கு வாக்கு உண்டு, பதவி உண்டு. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

தொடக்கம் சுலபமாக இல்லை. 1868 ஏப்ரலில் கையில் சில டாலர்களோடு வாஷிங்டனை விட்டுக் கிளம்பிய கெல்லி, ஊர் ஊராக இறங்கிப் பேசிப் பார்த்தார். பல இடங்களில் ஏமாற்றம். ஃப்ரெடோனியாவில்தான் உழவர்கள் காது கொடுத்தார்கள். அங்கே ஏப்ரல் 16 அன்று கிரேஞ்ச் எண் 1 உருவானது.

விருந்தினராக உள்ளே போனால்

கிரேஞ்சுக்குப் படிநிலைகள் உண்டு. ஊர் அளவில் உள்ளூர் கிரேஞ்ச். அதற்கு மேல், ஒரு கவுண்டி அல்லது வட்டாரத்தின் கிரேஞ்சுகள் சேர்ந்து கூடும் ‘பொமோனா கிரேஞ்ச்’. பொமோனா என்பது பழங்களுக்குரிய ரோமானியத் தெய்வத்தின் பெயர். அதற்கு மேல் மாநிலம், பிறகு தேசியம். வட்டாரக் கூட்டம் ஆண்டுக்குச் சில முறை, பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறொரு ஊரின் கூடத்தில் நடக்கும். மாநிலத் தலைவரோ, அயலூர் உழவர்களோ விருந்தினராக அழைக்கப்படுவது இதுபோன்ற கூட்டங்களுக்குத்தான்.

கிரேஞ்ச் கூடம் வெளியிலிருந்து பார்க்க மிக எளிமையாக இருக்கும். பெரும்பாலும் மரத்தாலான, இரண்டு மாடி அளவு உயரமுள்ள கட்டடம். உள்ளே நுழைந்தால் நீளமான அறை. சுவரோரமாக நாற்காலிகள். ஒரு மூலையில் பியானோ. சுவரில் சட்டமிட்ட சாசனம், மறைந்த தலைவர்களின் படங்கள். அறையின் நடுவே சிறு பீடத்தில் திறந்த நிலையில் பைபிள். ஒரு கோடியில் தலைவர் இருக்கை, எதிர்க்கோடியில் மேற்பார்வையாளர் இருக்கை. ஒரு பக்கமாக மூன்று பெண்கள் அமர்வார்கள். தானியத்துக்கு செரீஸ், பழத்துக்கு பொமோனா, பூவுக்கு ஃப்ளோரா என்பது அவர்கள் வகிக்கும் பதவிகளின் பெயர். பதவியாளர்கள் தோளில் குறுக்காகப் பட்டை அணிவார்கள். சிலர் கையில் நுனியில் உழவுக் கருவி வடிவம் பொருத்திய நீண்ட கோல் இருக்கும்.

வாசலில் காவலர் ஒருவர் நிற்பார். அவரைக் கடந்துதான் உள்ளே போக முடியும். மரியாதைக்குரிய விருந்தினர் என்றால் தானாக நடந்துபோய் உட்காருவது வழக்கமில்லை. உதவிப் பணியாளர்களான ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாசல்வரை வந்து, விருந்தினரை இருபக்கமும் நின்று அழைத்துச் செல்வார்கள். அவையினர் அனைவரும் எழுந்து நிற்பார்கள். பெயரும் ஊரும் அறிவிக்கப்படும். தலைவர் கைகுலுக்கித் தன் பக்கத்தில் இடம் தருவார். வந்தவர் எந்த நாட்டுக்காரர், எத்தனை ஏக்கர் வைத்திருப்பவர் என்பதெல்லாம் இந்த மரியாதையின் அளவைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

பிறகு பாட்டு, பிரார்த்தனை, கொடி வணக்கம். அடுத்து ஒவ்வோர் ஊர் கிரேஞ்சும் அறிக்கை தரும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், யார் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், யார் வீட்டில் துக்கம், கூரை பழுதுபார்க்க எவ்வளவு சேர்ந்தது என்று எல்லாம் அதில் வரும். உறுப்பினர் ஒருவர் இறந்திருந்தால் சாசனத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தி அஞ்சலி செலுத்துவார்கள். 50 ஆண்டு உறுப்பினராக இருந்தவருக்குத் ‘தங்கக் கதிர்க்கட்டு’ என்ற பெயரில் சான்று கொடுப்பார்கள். 80 வயதைத் தாண்டிய ஒரு பெரியவரோ பாட்டியோ அதை வாங்க எழுந்து வரும்போது, கூடமே கைதட்டும்.

கூட்டத்தின் ஒரு பகுதி உறுப்பினர்களுக்கு மட்டும். அதற்கு ஆண்டுதோறும் மாறும் கடவுச்சொல் உண்டு. அப்போது விருந்தினர்கள் சமையலறைப் பக்கம் காபி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. புதிய உறுப்பினர்களுக்கு ‘படி’ வழங்கும் சடங்குதான் அது. முதல் நான்கு படிகளும் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்ற நான்கு பருவங்களைக் குறிப்பவை. நிலத்தைத் தயார் செய்வது, பயிரைப் பேணுவது, அறுப்பது, வீடு சேர்ப்பது என்று பாடம் போகும். கோடாரி, ஏர், பரம்பு, மண்வெட்டி, களைக்கொத்து, கவாத்துக் கத்தி, அரிவாள் என ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நல்லொழுக்கம் சொல்லித் தரப்படும். ஐந்தாவது படி பொமோனாவில், ஆறாவது மாநிலத்தில், ஏழாவது தேசிய அளவில்.

சடங்குகள் இல்லாமல் நேரடியாக வேலையைப் பேசினால் என்ன என்று தோன்றலாம். 1860-களின் பண்ணை வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நீண்ட தூரம். பல நாள்கள் வேறு மனித முகத்தையே பார்க்காத பெண்கள் ஏராளம். தன் கையில் இருக்கும் மண்வெட்டிக்கு ஒரு மரியாதை உண்டு, தனக்கு ஓர் இருக்கை உண்டு, தான் வராவிட்டால் அந்த இருக்கை காலியாகத் தெரியும் என்ற உணர்வை அந்தச் சடங்கு கொடுத்தது. சங்கத்துக்கு ஆள்களைச் சேர்த்தது உரமும் விதையும் மட்டும் அல்ல.

பகிர்ந்து சாப்பிடும் மேசை

வட்டாரக் கூட்டத்தின் உயிர்நாடி சாப்பாட்டு மேசை. ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவரும். அவித்துச் சுட்ட பீன்ஸ், பன்றித் தொடை இறைச்சி, பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு, ரொட்டி, ஊறுகாய் வகைகள், கடைசியில் வரிசையாகப் ‘பை’ பலகாரங்கள். திராட்சை அறுவடைக் காலமானால் காங்கார்டு திராட்சை வைத்த பையும் இருக்கும். தோலை உரித்துத் தனியே வைத்து, சதையை வேகவைத்து விதையை வடிகட்டி, மறுபடி தோலைச் சேர்த்துச் செய்யும் பொறுமையான வேலை அது.

விருந்தினரை முதலில் பரிமாறச் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் உண்மையான விவசாயப் பேச்சு நடக்கும். மே மாத உறைபனியில் எந்தத் தோட்டம் தப்பியது, டீசல் விலை, ஆள் கிடைக்காதது, பிள்ளைகள் பண்ணைக்குத் திரும்புவார்களா என்பது. அயலூர் விருந்தினர் இரண்டு வார்த்தை பேசினாலே போதும், கேள்விகள் குவியும். எத்தனை போகம், தண்ணீர் எங்கிருந்து, மாடு எத்தனை, பால் என்ன விலை?

சாப்பாட்டுக்குப் பிறகு ‘விரிவுரையாளர்’ என்ற பதவியில் இருப்பவர் நிகழ்ச்சியை நடத்துவார். பெயர் அப்படி இருந்தாலும் நீண்ட உரை ஆற்றுவது அவர் வேலையல்ல. பாட்டு, குறுநாடகம், விடுகதை, ஒரு தொழில்நுட்பப் பேச்சு என்று எல்லோரையும் பங்கேற்க வைப்பதுதான். கூச்சப்படும் பிள்ளைகளை மேடையேற்றுவதும் இங்கேதான். 14 வயதானவர் முழு உறுப்பினராகலாம். அதற்குக் கீழே உள்ள சிறுவர்களுக்கு இளையோர் கிரேஞ்ச் உண்டு. அதனால் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று ஒரே வீட்டார் ஒரே கூட்டத்தில் இருப்பது சாதாரணம்.

கீழிருந்து மேலே போகும் தீர்மானம்

ஓர் ஊர் கிரேஞ்சில் எந்த உறுப்பினரும் ஒரு தீர்மானத்தை எழுதிக் கொடுக்கலாம். அங்கே வாக்கெடுப்பில் தேறினால் பொமோனாவுக்குப் போகும். அங்கிருந்து மாநிலத்துக்கு, பிறகு தேசிய கிரேஞ்சுக்கு. கட்சிப் பேச்சுக்கும் மதச் சர்ச்சைக்கும் கூட்டத்தில் இடமில்லை. ஆனால் சட்டம், வரி, சாலை, சந்தை பற்றிப் பேசத் தடையில்லை.

இந்த வழியில் வந்த பலன்கள் பெரியவை. 1870-களில் ரயில் நிறுவனங்களும் தானியக் கிடங்குக்காரர்களும் வைத்ததே கட்டணம் என்ற நிலை இருந்தது. கிரேஞ்ச் உழவர்களின் அழுத்தத்தால் இல்லினாய், அயோவா, மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்கள் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டன. கிடங்குக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். பொதுமக்கள் சார்ந்திருக்கும் தொழிலை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்று 1877-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடிதம் வாங்க நகரத்துக்கு வண்டி கட்டிப் போக வேண்டியிருந்த காலத்தில், தபால் வீட்டுக்கே வரவேண்டும் என்று கிரேஞ்ச் தொடர்ந்து கேட்டது. 1896-ல் மேற்கு வர்ஜீனியாவில் கிராமப்புற இலவசத் தபால் விநியோகம் சோதனையாகத் தொடங்கியது. 1913-ல் பார்சல் தபாலும் வந்தது. வேளாண்மைத் துறைக்கு அமைச்சரவை அந்தஸ்து வேண்டும் என்ற கோரிக்கை 1889-ல் நிறைவேறியது. ஆராய்ச்சி நிலையங்களுக்கான 1887-ம் ஆண்டுச் சட்டத்துக்கும், பல்கலைக்கழக ஆராய்ச்சியை வயலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கான 1914-ம் ஆண்டுச் சட்டத்துக்கும் கிரேஞ்ச் துணை நின்றது. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் அந்த முறையைப் பார்த்துத்தான், 1960-ல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தது. இல்லினாய் பல்கலைக்கழகம் அதற்கு உதவியது.

சறுக்கிய இடங்கள்

வெற்றிக் கதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1875 வாக்கில் கிரேஞ்சின் உறுப்பினர் எண்ணிக்கை 8 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அதில் பெரும்பகுதி கரைந்துபோனது.

முக்கியக் காரணம், அவசரமாகத் தொடங்கிய வியாபாரங்கள். மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. 1872-ல் சிகாகோவில் தொடங்கிய மாண்ட்கோமரி வார்டு என்ற தபால்வழி விற்பனை நிறுவனம், கிரேஞ்ச் உறுப்பினர்களைத் தன் முதல் வாடிக்கையாளர்களாக வைத்தே வளர்ந்தது. இடைத்தரகர் இல்லாததால் விலையும் குறைந்தது. ஆனால் அயோவா மாநில கிரேஞ்ச் ஒரு படி மேலே போய், அறுவடை இயந்திரத்தைத் தானே தயாரித்து விற்க இறங்கியது. போதிய மூலதனம் இல்லை, தொழில் அனுபவம் இல்லை. சங்கம் கடனில் மூழ்கியது. கிரேஞ்சில் சேர்ந்தால் உடனே பணம் மிச்சமாகும் என்று நம்பி வந்தவர்கள், முதல் நட்டத்திலேயே விலகிவிட்டார்கள்.

அதேசமயம் நின்று நிலைத்தவையும் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-ல் வகுத்த கூட்டுறவு நெறிகளைப் பின்பற்றிய கடைகள் சில தாக்குப்பிடித்தன. பண்ணை வீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் தீ விபத்துக் காப்பீடு தரும் பரஸ்பரக் காப்பீட்டு அமைப்புகள் நன்றாக வேரூன்றின. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த அபாயத்தைப் பகிர்ந்துகொண்டது அது. தெரியாத தொழிலில் கடன் வாங்கிப் போட்ட முதலீடு அல்ல.

இன்னொரு குறையையும் மறைக்க முடியாது. சகோதரத்துவம் பேசிய சங்கத்தின் கதவு, தென் மாநிலங்களில் கறுப்பின உழவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. பெண்களுக்குத் தொடக்கத்திலேயே சம உரிமை தந்த அமைப்பு, ஒரு பெண்ணைத் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது 2015-ல்தான்.

விளக்கு எரியும் கூடங்கள்

அமெரிக்காவில் 1935-ல் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 19 லட்சம். பண்ணைகள் பெரிதாகிக்கொண்டே போக, விவசாயிகள் குறைந்துகொண்டே போகிறார்கள். அதன் பாதிப்பு கிரேஞ்ச் கூடங்களில் தெரிகிறது. பல ஊர்களில் கூடம் விற்கப்பட்டு வீடாகவோ கடையாகவோ மாறிவிட்டது. உறுப்பினர் எண்ணிக்கை போதாமல் போனால் சாசனத்தை ஒப்படைக்க வேண்டும். கூடத்தின் சொத்து மாநில கிரேஞ்சின் பொறுப்புக்குப் போகும். பாட்டன் மரம் சுமந்து கட்டிய கூடத்துக்குப் பேரன் பூட்டுப் போடும் நாள் அது.

ஆனால் தாக்குப்பிடிக்கும் கூடங்களும் இருக்கின்றன. அவை ஊருக்கு ஏதாவது ஒரு விதத்தில் தேவைப்படும் இடமாகத் தங்களை மாற்றிக்கொண்டவை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அகராதி வழங்குவது பல கிரேஞ்சுகளின் ஆண்டுப் பணி. உழவர் சந்தை, விதை பரிமாற்றம், ஊர்ச் சாப்பாடு, இசை நிகழ்ச்சி என்று கூடத்தைத் திறந்து வைக்கிறார்கள். விவசாயம் செய்யாதவர்களும் உறுப்பினராகிறார்கள். வட்டாரக் கூட்டத்துக்கு வெளியூர் விருந்தினர்களை அழைத்து மரியாதை செய்வதற்குப் பின்னாலும் இந்தத் தேவை இருக்கிறது. நாற்காலிகள் நிரம்ப வேண்டும். புது முகம் வந்தால் பழைய உறுப்பினர்களும் வருவார்கள்.

போக விரும்புவோர் கவனத்துக்கு

* ஷடாக்வா பகுதிக்குப் பக்கத்து விமான நிலையம் பஃபலோ. அங்கிருந்து கார்ப் பயணம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் போனால் திராட்சை அறுவடையை நேரில் பார்க்கலாம். நவம்பருக்குப் பிறகு ஏரிக்காற்றால் பனி கொட்டும்.

* கெல்லியின் பண்ணை மின்னசோட்டாவின் எல்க் ரிவரில் உள்ளது. அந்த மாநில வரலாற்றுச் சங்கம், 19-ம் நூற்றாண்டு விவசாயத்தை நேரடியாகச் செய்து காட்டும் இடமாக அதைப் பராமரிக்கிறது.

* கிரேஞ்ச் கூட்டத்துக்கு அழைப்பில்லாமல் போக வேண்டாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டால், விருந்தினருக்கு எந்த நேரம் அனுமதி என்று சொல்வார்கள். சடங்கு நடக்கும்போது படம் எடுக்கும் முன் கேட்பது முறை.

* ஊரிலிருந்து கொண்டுபோகும் விதை, செடி, மண், பழங்களுக்கு அமெரிக்காவில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பரிசாகக் கைத்தறித் துண்டு, மரப்பொருள் போன்றவை கொண்டுபோவதே பாதுகாப்பு.

உழவர் குழு நடத்துவோருக்கு

கிரேஞ்சின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. குறிப்பிட்ட நாளில், கூட்டம் குறைவாக வந்தாலும், கூடுவதை நிறுத்தாத குழு நிலைக்கிறது. குடும்பத்தோடு வரும் உறுப்பினர் விலகுவது அரிது. பெண்களைக் கையெழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் பொறுப்புக் கொடுத்த குழுவுக்கு ஆயுள் அதிகம். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கோர் இருக்கை என்று இருந்தால் தலைவர் ஒருவரையே நம்பி நிற்க வேண்டியதில்லை. சேர்ந்து வாங்குவது, சேர்ந்து விற்பது, சேர்ந்து அபாயத்தைப் பகிர்வது ஆகியவற்றில் பழகிக் கணக்கு வழக்கு சுத்தமான பிறகே இயந்திரம், தொழிற்சாலை என்று இறங்க வேண்டும். 1870-களில் 8 லட்சம் பேர் இருந்த சங்கத்தையே உலுக்கிய தவறு, 100 பேர் உள்ள குழுவை ஒரே பருவத்தில் கவிழ்த்துவிடும்.

லாபத்தை மட்டுமே காட்டிச் சேர்த்த உறுப்பினர்கள், லாபம் குறைந்த ஆண்டில் வருவதில்லை. துக்கத்துக்கும் கூரை பழுதுக்கும் சேர்ந்து நின்றவர்கள், உறைபனி விழுந்த ஆண்டிலும் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஃப்ரெடோனியாவில் 1868-ல் தொடங்கிய சங்கம் இந்த வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது.